ஒரு கைக்குத் திறக்கும் கதவு

ஜாம் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, தடித்த உறை மாட்டிய வலது கையால் மூடியைத் திருகுகிறார் மேடம். இடது கை பழைய மப்ளரால் இடுப்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. மூடி அசைவதாக இல்லை. கைக்கு எட்டிய ரொட்டி வாய்க்கு எட்டாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறார் அவருடைய வீட்டுக்காரர். பஸ் டிரைவர். ஏழு மணிக்கு வண்டியை எடுத்தாக வேண்டும்.

"குடும்மா, நான் தொறந்து தரேன்."

"அங்க வந்து தொறந்து குடுப்பீங்களா?"

அங்கே என்றால் செவ்வாய் கிரகம். மனிதர்கள் போய் இறங்கப்போகும் கலத்தின் வாசல் கதவுக்குக் கைப்பிடி வடிவமைக்கிற என்ஜினியர் இவர். அலுவலகத்தில் 'கைப்பிடி மேடம்' என்று கேட்டால்தான் தெரியும். இரண்டு வருடமாகச் சர்க்கரை டப்பா, குடை, வாசல் பூட்டு என்று எதையும், விண்வெளிக் கையுறை மாதிரித் தடித்த உறையோடு, ஒற்றைக் கையால் அவரேதான் திறப்பார்; யாரும் திறந்து கொடுக்கக் கூடாது. அது வீட்டுச் சட்டம்.

சட்டத்துக்குக் காரணம் ஒரு குளியலறை. அங்கே வழுக்கி விழுந்து மேடத்தின் இடது மணிக்கட்டு முறிந்தது. தாழ்ப்பாளோ இரண்டு கை கேட்கிற ரகம். ஒன்றால் கதவை அழுத்திப் பிடித்தால்தான் மற்றதால் இழுக்க முடியும். வீட்டுக்காரர் வந்து கதவை உடைக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையோடு அலுவலகம் போய், தான் வரைந்திருந்த கைப்பிடியைப் பார்த்தார். பஸ் ஸ்டீயரிங் போல வட்டமாக, அழகாக இருந்தது. அதைத் திருப்பவும் இரண்டு கை வேண்டும். அன்றே அதைத் தூக்கிப் போட்டார்.

இப்போதிருப்பது நீளமான ஒரு தண்டு. அடிபம்ப் மாதிரி மேலும் கீழும் நாற்பது தடவை அடித்தால் கதவு திறக்கும். கை ஓய்ந்தால் முழங்கை, அதுவும் ஓய்ந்தால் தோள். வெளியே நடக்கப் போனவர் அடிபட்டுத் தனியாகத் திரும்பினாலும் உள்ளே வந்துவிடலாம்.

எடைக் கணக்கு பார்க்கும் அதிகாரிக்கு அது கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. "அதான் கதவைத் தொறக்க ரெண்டு மோட்டார் இருக்கே மேடம். ஒண்ணரைக் கிலோவை எதுக்குச் சும்மா சுமக்கணும்?" கிராம் கிராமாகக் குறைப்பது அவர் பிழைப்பு, அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

வீட்டுக்காரரும் ஒருநாள் அந்தக் கட்சியில் சேர்ந்தார். "என் பஸ் கதவும் பட்டன்லதான் தொறக்குது."

"பட்டன் வேலை செய்யலைன்னா?"

"எறங்கிப் போய் ஒரு உதை விடுவேன்."

"அங்க உதைக்கிறதுக்கும் ஒரு எடம் வேணும்ல? அதைத்தான் வரையறேன்."

அதன்பிறகு டிப்போவில் அவர் அடங்கவில்லை. "செவ்வாய்ல வாசக்கதவு நம்ம வீட்டம்மாவோடதுப்பா" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வாரம் கடைசிச் சோதனை வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் திறக்காவிட்டால் கைப்பிடியை எடுத்துவிடுவதென்று முடிவு. மாதிரிக் கதவின் இரண்டு மோட்டாரையும் நிறுத்தினார்கள். பயணம் போகிறவர்களிலேயே குள்ளமான டாக்டரம்மா, காற்றடைத்து விறைத்த விண்வெளி உடையில், ஒரு கை கட்டப்பட்டு வந்து நின்றார். பன்னிரண்டாவது அடியில் கை ஓய்ந்தது. முழங்கைக்கு மாறினார். முப்பதில் அதுவும் ஓய்ந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேடத்தின் வலது கை தானாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி, தண்டுக்கடியில் தோளைக் கொடுத்தார்.

நான்கு நிமிடம் பத்து விநாடியில் கதவு திறந்தது.

"இருக்கட்டும் மேடம்" என்றார் எடை அதிகாரி. "ஒண்ணரைக் கிலோவை நான் வேற எங்கயாவது குறைச்சுக்கறேன்." ஹெல்மெட்டைக் கழற்றிய டாக்டரம்மா, மூச்சு வாங்கியபடி, "இந்தக் கதவு இருந்தா நான் தைரியமா வெளிய போவேன்" என்றார். மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை அதே ரொட்டி, அதே ஏழு மணி பஸ், புது ஜாம் பாட்டில். வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தார். உறையும் மப்ளரும் ஆணியில் தொங்கின. மேடம் இரண்டு கைகளாலும் பாட்டிலை எடுத்தார். மூடியைத் தொடவில்லை. மேசைமேல் வைத்து, மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினார்.