இருநூறு குதிரையும் இரண்டு டயரும்

1. பேனர்

காரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் காருக்கு வைத்த பேனரைப் பார்த்துவிட்டேன். திருத்தணியில், அரக்கோணம் சாலையில், என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் கல்யாண மண்டபத்தின் காம்பவுண்டையே மறைத்துக்கொண்டு நின்றது. 'இருநூறு குதிரைத் திறன் கண்ட எங்கள் சிங்கமே' என்று எழுதி, கீழே கோதண்டம் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகட்டி நின்றார். பின்னால் ஒரு சிவப்புக் கார். அதற்கும் பின்னால், எதற்கென்று தெரியவில்லை, ஒரு கழுகு. சுற்றிலும் வாழ்த்துகிற உறவினர்களின் தலைகள்.

கோதண்டம் அந்த மண்டபத்தின் சொந்தக்காரர். ஊரைச் சுற்றி இருக்கும் நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்கிறவர். கார் அறுபதுகளில் வெளிநாட்டில் செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். அதை வெளியூரில் வாங்கி, அங்கேயே ஒரு மாடிஃபிகேஷன் கடையில் விட்டு, அகல வீல், பின்னால் இறக்கை மாதிரி ஸ்பாய்லர், தொண்டை கிழியக் கத்தும் சைலன்சர் எல்லாம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இருநூறு ஹார்ஸ் பவர் என்று அந்தக் கடைக்காரர் வாயால் சொன்னார். இவர் பேனர் அடித்துவிட்டார்.

பேனரில் ஒரே ஒரு குறை. அந்த இருநூறை இன்னும் யாரும் அளக்கவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து சென்னைக்கு வெளியே ஒரு டைனோ செஷன் ஏற்பாடு செய்திருந்தார்கள். அது அடுத்த மாதம். டைனோ என்பது தரையில் பதித்த இரும்பு ரோலர். காரின் சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, முன்னும் பின்னும் பெல்ட் போட்டுக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டுவார்கள். ரோலரை எவ்வளவு பலமாகச் சுற்றியது என்று கணக்குப் போட்டுக் கம்ப்யூட்டர் திரையில் நம்பர் காட்டும். பிள்ளை ஸ்கூலில் சேரும்போதே டாக்டர் என்று பேனர் வைக்கிற ஊர் இது. அதனால் கோதண்டத்தை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது மலைதான். பூஜை போடுவதற்காகக் காரை முருகன் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். பாதி மலையில், வளைவில், இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. பின்னால் மொட்டை போட வந்த குடும்பங்களின் வேன்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. கடைசியில் காவடி கொண்டுவந்தவர்கள் காவடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அரோகரா போட்டுக்கொண்டே காரைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். அன்று மாலை அது லாரியில் ஏறி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது.

"ஏகாம்பரம்ணா, ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு சர்வீஸ் பண்ணி டைனோக்கு ரெடி பண்ணிக் குடுங்க. வண்டி பக்கா கண்டிஷன்ல கீது" என்றார் கோதண்டம், லாரியிலிருந்து அதை இறக்கிக்கொண்டே.

2. பானெட்டுக்கு உள்ளே

என் பார்ட்னர் மஸ்தான் எலக்ட்ரிக்கல் பார்ப்பவர். நான் என்ஜின். இருவரும் அரக்கோணத்தில் ஒரே கடையில் தொழில் கற்றவர்கள். மஸ்தான் அதிகம் பேசமாட்டார். பேசினால் கஸ்டமர்கள் குறைவார்கள் என்பதால் நானும் தூண்டுவதில்லை.

பானெட்டின்மேல் காற்று இழுக்க என்று பெரிய திறப்பு வைத்திருந்தார்கள். மஸ்தான் அதில் கையை விட்டார். விரல் தகரத்தில் முட்டியது. கீழே ஓட்டையே போடாமல் மேலே மூக்கை மட்டும் ஒட்டியிருந்தார்கள்.

"மூச்சு வுடாத மூக்கு" என்றார் மஸ்தான்.

இரண்டு கார்ப்பரேட்டர் வைத்த வண்டி அது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டும். இரண்டாவதை இழுக்கும் கம்பியை மாட்டிவைக்கும் பின் ஊசியே இல்லை. ஒன்று வேலை செய்ய, மற்றது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. வால்வை அதிகமாகத் திறக்கும் ரேஸிங் கேம்ஷாஃப்ட் போட்டதாகச் சொல்லியிருந்தார்கள். டயல் கேஜ் வைத்து அளந்தேன். கம்பெனி என்ன அளவில் வைத்ததோ அதே அளவு. மலையில் நின்றதற்குக் காரணம் டேங்க் துரு. ஃபில்டரில் சேறு மாதிரி அடைத்திருந்தது.

நல்ல செய்தியும் இருந்தது. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சமமாக வந்தது. அந்தக் கடையில் என்ஜினை மட்டும் யாரும் தொடவில்லை, அதனால் அது நன்றாக இருந்தது.

கோதண்டத்தை வரச்சொன்னேன். எல்லாம் சரி செய்தால் சக்கரத்தில் எண்பதோ எண்பத்தைந்தோ வரும், இந்த என்ஜினுக்கு அதுவே மரியாதை என்றேன். பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ மீதி எங்கணா போச்சி?"

"ஸ்பாய்லர்ல தேடிப் பாருங்க சார்" என்றார் மஸ்தான்.

கோதண்டம் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னாணா. நகரியில எங்க அக்கா வீட்டுக்காரர், பாவா, கீறாரே. கல்யாணம் ஆன நாள்லருந்து என்ன ஒரு ஆளாவே மதிக்க மாட்டாரு. எங்க நைனா இருந்த வரைக்கும் அவரு முன்னாடியே என்ன மட்டம் தட்டுவாரு. இந்தக் காரப் பாத்துட்டுத்தான் மொத தபா வாய மூடினாரு. இருநூறுன்னு சொல்லிட்டேன். இப்போ எம்பதுன்னு போயி நின்னா, சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு."

சிரிப்பு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. ஆனால் பாவாவுக்குப் பயந்து என்ஜின் கூடுதலாக இழுக்காது. முடிந்ததைச் செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வேலையை ஆரம்பித்தோம். டேங்க்கை இறக்கிக் கழுவினோம். கம்பிக்குப் பின் ஊசி போட்டு இரண்டு கார்ப்பரேட்டரையும் ஒரே மூச்சில் திறக்க வைத்தேன். பிளக் மாற்றி, லைட் வைத்து ஸ்பார்க் டைமிங் பிடித்தேன். சைலன்சரில் சென்சார் சொருகி, பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்கிறதா என்று பொதட்டூர்பேட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்து, பெட்ரோல் போகும் துளையான ஜெட்டை மாற்றினேன். மஸ்தான் ரேடியேட்டர் ஃபேனுக்குப் புது ஒயர் இழுத்தார். பின் பம்பர் வெறும் பளபளப்புக்கு வைத்தது, டைனோ பெல்ட் தாங்காது. அதனால் சேஸிஸில் இரண்டு கொக்கி வெல்டு வைத்தோம்.

3. வெள்ளை எழுத்து

கடைசியில் வந்தோம் டயருக்கு. பின் வீல் இரண்டும் பளபளவென்ற ஸ்போக் வீல். டயரில் வெள்ளை எழுத்து, பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி இருந்தது. டயர் எந்த வருஷம் செய்தது என்ற நம்பரைப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முழுசாகப் போடுவார்கள். இதில் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால், காலேஜ் போகும் என் பேத்தி எல்கேஜி படித்த காலத்து டயர். ரப்பர் மரமாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை.

"ரோட்டுல மெதுவா போயிக்கலாம். ரோலர் மேல முழு வேகத்துல சுத்தினா பிச்சிகினு போயிடும். பக்கத்துல நிக்கறவன் காலும் சேந்து போகும்" என்றேன்.

சாதாரண இரும்பு ரிம் இரண்டு வாங்கி, அதில் புது டயர் ஏற்றி மாட்டினேன். கோதண்டம் அதைப் பார்த்த பார்வையில் அழுகை மட்டும்தான் பாக்கி.

"இன்னாணா இது, வீல் சட்டி மாதிரி கீது. அங்க எல்லாரும் போட்டோ எடுப்பாங்க."

"டைனோ முடியட்டும். அப்புறம் உங்க வெள்ளை எழுத்த மாட்டிகினு எவ்வளவு போட்டோ வேணாலும் எடுங்க. ரோலர்ல ஏறும்போது இந்தச் சட்டிதான்."

"ஆங், சரிங்கணா" என்றார். அவர் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

4. ரோலர் மேல்

செஷன் அன்று காரை லாரியில் ஏற்றிக்கொண்டு கோதண்டம் முன்னால் போய்விட்டார். நானும் மஸ்தானும் டூல் பையோடு ரயிலில் போனோம். அரக்கோணத்தில் சிக்னலுக்கு நின்று, நாங்கள் போய்ச் சேரும்போது தாமதமாகிவிட்டது. ஷெட்டுக்கு வெளியே இருந்தே அந்த சைலன்சர் சத்தம் கேட்டது. கார் ரோலரில் ஏறியிருந்தது.

டைனோ ஓட்டுவது சுகன்யா என்ற என்ஜினீயர். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, என்ஜின் சூடாகட்டும் என்று நிதானமான வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். கோதண்டம் காருக்குப் பின்னால், வலது சக்கரத்துக்கு நேராக, போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தார். நகரியில் இருக்கும் பாவாவுக்கு நேரடி ஒளிபரப்பு.

"பாத்துகினே இருங்க பாவா, இப்போ ஏறும் பாருங்க."

சக்கரத்தைப் பார்த்தேன். எழுத்து வட்டமாகச் சுழன்று வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

அதே பழைய டயர். அந்தச் சத்தத்தில் கத்தினால் கேட்காது. காருக்கு முன்னால் ஓடிப்போய் இரண்டு கையையும் குறுக்கே காட்டினேன். சுகன்யா என் முகத்தைப் பார்த்ததும் காரணம் கேட்கவில்லை. காலை எடுத்து, ரோலர் பிரேக்கைப் போட்டார். சக்கரம் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, பட், பட், பட் என்று எதிலோ அடித்துக்கொண்டு வந்து நின்றது.

வலது டயரின் மேல்தோல், தோசை ஓரம் கல்லை விட்டுக் கிளம்புவதுபோல, ஒரு கை நீளத்துக்குக் கிளம்பியிருந்தது. உள்ளே கம்பி தெரிந்தது. அது மட்டும் முழு வேகத்தில் பிய்ந்து வந்திருந்தால் கோதண்டத்தின் தொடையில்தான் பட்டிருக்கும்.

சுகன்யா இறங்கிவந்து அதைப் பார்த்தார். கோதண்டத்திடம், "மெக்கானிக் செக் பண்ண டயர்னு சொன்னீங்களே சார்" என்றார்.

கோதண்டத்தின் கையிலிருந்த போனில் பாவா கத்திக்கொண்டிருந்தார். "இன்னாச்சி? கோதண்டம், ஏன் நின்னுடுச்சி? இருநூறு வந்துடுச்சா?"

மஸ்தான் அந்தப் போனை மெதுவாக வாங்கி, "நெட்வொர்க் இல்லீங்க" என்று சொல்லிக் கட் செய்தார்.

வழியில் கனகம்மாசத்திரத்தில் லாரியை டீக்கு நிறுத்தியபோது கோதண்டம் வீலை மாற்றியிருக்கிறார். இரும்பு ரிம் இரண்டும் லாரி கேபினிலேயே இருந்தன. கோதண்டம் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து தன் தொடையையே தடவிக்கொண்டிருந்தார். வீலை மாற்றிக் காரைத் திரும்பக் கட்டினோம்.

முதல் ஓட்டத்தில் எழுபத்தொன்பது. ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றினேன். எண்பத்தெட்டு. நான் சொன்னதற்கு மேலேயே வந்ததில் எனக்குச் சந்தோஷம். சுகன்யாவும் "இந்த வயசு என்ஜினுக்கு இது சூப்பர் சார்" என்று மனதாரச் சொன்னார்.

கோதண்டத்துக்கு அதற்குள் தெம்பு திரும்பியிருந்தது. சுகன்யாவிடம் குனிந்து, "ஏம்மா, கம்ப்யூட்டர்ல இந்த சூடு, காத்து, அதெல்லாம் ஏதோ கணக்கு போடுவாங்களாமே. அத கொஞ்சம் ஏத்திப் போட்டா நம்பர் ஏறுமில்ல?"

"ஏறும் சார். நீங்க ஐந்நூறு கேட்டாலும் ஏத்தலாம். பேப்பர்ல என் கடை பேர் இருக்குதே, அத நீங்க எங்க கொண்டுபோய் வெப்பீங்க?"

அப்புறம் என்னிடம் வந்தார். டைமிங்கை முன்னால் தள்ளி ஒரே ஒரு ஓட்டம் ஓட்டலாமா என்றார். தள்ளினால் பிஸ்டன் ஓட்டையாகும், வீட்டுக்கு லாரியில்தான் போக வேண்டும் என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

5. நூற்று முப்பத்தாறு

திரும்பும்போது காரை அவரே ஓட்டினார். பக்கத்தில் நான். திருவள்ளூர் தாண்டி ரோடு காலியானதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இரண்டு கார்ப்பரேட்டரும் சேர்ந்து திறக்க, கார் முதுகில் கை வைத்துத் தள்ளினதுபோலப் பாய்ந்தது. வாங்கியதிலிருந்து அவர் ஓட்டியது ஒரு கார்ப்பரேட்டரில்தானே.

"இது எம்பத்தெட்டாணா? எனக்கு இருநூறு மாதிரி கீது" என்றார். வாயெல்லாம் பல். திருத்தணி வரும்வரை பாவாவின் பேச்சையே எடுக்கவில்லை. ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் பாவாவே எனக்குப் போன் செய்தார். அவர் குரலை அன்றுதான் நேராகக் கேட்கிறேன்.

"மெக்கானிக்குங்களா? எங்க கோதண்டம் ஒரு பேப்பர் அனுப்பிச்சிகீறான். நூத்தி முப்பத்தாறுன்னு போட்டுகீது. நெசமா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. டைனோ பேப்பரில் இரண்டு கோடு வரும். ஒன்று ஹார்ஸ் பவர். இன்னொன்று டார்க், அதாவது சக்கரத்தைத் திருகும் பலம். அது வேறு அளவு, நம்பர் பெரிதாக இருக்கும். கோதண்டம் எண்பத்தெட்டு இருந்த பாதியை வெட்டிவிட்டு, நூற்று முப்பத்தாறு இருந்த பாதியை மட்டும் அனுப்பியிருக்கிறார். பொய்யும் இல்லை. அந்தத் திறமையை மனை விற்பதில்தான் வளர்த்திருக்க வேண்டும்.

"பேப்பர்ல இருக்கறது நெசந்தாங்க. ஆனா அது ஹார்ஸ் இல்லீங்க, டார்க்கு" என்றேன். பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

"டார்க்குன்னா ஹார்ஸ விடப் பெருசா?"

"நம்பர் பெருசுங்க."

"எங்கிட்ட ஒரு பழைய ஜீப் கீது. அதுக்கும் டார்க் போட்டுக் குடுங்க. நூத்தி நாப்பது வேணும்."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டயர் தேதியைக் கழற்றிப் பாருங்கள். வீலை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், ரோலர்வரை கூடவே போங்கள். இவையெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். ஆனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாற்பது வருஷத் தொழிலில் கோதண்டத்தால்தான் எனக்கு அது தெரிந்தது. அதை நான் முதன்முதலில் கேட்டது அவருடைய பாவாவிடம்.

"ஜீப்பக் கொண்டாங்க, பாக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இந்த நூத்தி நாப்பத யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

அந்தப் பக்கம் பாவா குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி வீட்ல மட்டும்" என்றார்.