மகனைக் கொடுத்து கோல்கீப்பரை வாங்கியவர்

"மேனேஜர் போயிட்டார்" என்று எங்கள் ஹாக்கி ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, எலெக்ட்ரானிக் சிட்டி செல்லும் கம்பெனி கேபில் இருந்தேன். கீழே ஒருவர் உடனே கேட்டிருந்தார்: "எந்த கிளப்புக்கு? பதிலுக்கு யாரு வர்றாங்க?" நானும் அப்படித்தான் நினைத்தேன். ஞானராஜ் அங்கிள் தூக்கத்திலேயே இறந்துவிட்டார் என்ற அடுத்த செய்திக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தக் கேள்வியை மறுபடி படித்து, மேம்பாலத்தின் மேல் அழுதுகொண்டே சிரித்தேன். அவர் இருந்திருந்தால் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் சிரித்திருப்பார்.

நீலசந்திராவில் எங்கள் கிளப்புக்கு அவர்தான் வெகுகாலம் மேனேஜர். லீக் தொடங்கும் முன், இரண்டு கிளப்புகளும் சம்மதித்தால் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். நாம் யாரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோமோ அவரைத்தான் அங்கிள் கொடுத்துவிடுவார். சர்ச்சுக்கு எதிரே அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை இருந்தது. "கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணு தெரியலையே" என்று கேலரியில் யாராவது கத்தாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவர் திரும்பிப் பார்த்து, "திங்கக்கிழமை கடைக்கு வா, உனக்கு டெஸ்ட் பண்ணிடலாம்" என்பார்.

எல்லா மாற்றங்களும் பலித்தன என்று சொன்னால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு வருடம், மின்னல் மாதிரி ஓடும் விங்கரைக் கொடுத்து ஒரு நடுகள ஆட்டக்காரரை வாங்கினார். வந்தவர் சில ஆட்டங்களிலேயே வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இடைவேளையில் நேரே போய்க் கேட்டேன்.

"இது என்ன அங்கிள் கணக்கு?"

"தப்புக் கணக்குதாம்மா. அடுத்த வருஷம் வேற தப்பு பண்றேன், பாரு."

அடுத்த வருடம் சொந்த மகனையே கொடுத்தார்.

ராபின் எங்கள் கேப்டன், அதிக கோல் அடிப்பவன். அவனை எங்கள் பரம எதிரியான கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, குடகிலிருந்து வந்திருந்த முத்தண்ணா என்ற ஒல்லியான கோல்கீப்பரை வாங்கினார். கேலரி கொதித்தது. பாதிப் பேர் எதிரணிப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அங்கிள் அசரவில்லை. "ராபின்கிட்ட பந்து போனா வேற யாருக்கும் திரும்பி வர்றதில்லை. என் பையன்னு யாரும் அவனைக் கேக்கவும் மாட்டேங்கறீங்க. அங்க போனா நாலு பேர் கேப்பாங்க" என்றார்.

வீட்டில்தான் பெரிய தண்டனை. அவர் மனைவி மேரி ஆன்ட்டி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஆனால் ஊரில் தனியாக இருக்கும் பையன் என்று முத்தண்ணாவை மட்டும் ஞாயிறுதோறும் சாப்பிடக் கூப்பிட்டார். "நீ என்னப்பா பண்ணுவ, சாப்பிடு" என்று குழம்பு ஊற்றுவார். அவன் போதும் என்று கன்னடத்தில் "சாக்கு ஆன்ட்டி, சாக்கு" என்று சொல்லச் சொல்ல இன்னும் ஒரு கரண்டி விழும். அங்கிள் தன் தட்டில் தானே போட்டுக்கொள்வார்.

அந்த வருட இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது ராபினின் அணி. அவன் பந்தைப் பகிர்ந்து கொடுத்து ஆடியதைப் பார்த்து எங்களுக்கு வயிறு எரிந்தது. நாங்கள் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்களுக்கு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. அடிக்க வந்தவன் ராபின். தடுக்க நின்றவன் முத்தண்ணா. ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். அங்கிள் மூடவில்லை.

ராபின் அடித்தான். பந்து கிளம்பிய கணமே, திசை முன்பே தெரிந்தவன் போல முத்தண்ணா தன் இடது பக்கம் பாய்ந்தான். பந்து அவன் கையுறையில் பட்டு வெளியே போனது. எங்கள் கிளப்புக்கு முதல் கோப்பை.

அங்கிள் கோப்பைப் பக்கம் போகாமல் மகனிடம் போனார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

"அப்பா, நான் எப்பவும் கீப்பரோட இடது பக்கம்தான் அடிப்பேன்னு அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சத்தியமா நான் சொல்லலைடா."

பின்னாலிருந்து ஆன்ட்டியின் குரல் மெல்ல வந்தது. "சாப்பாட்டு நேரத்துல பேச்சுவாக்குல நான் சொல்லியிருப்பேங்க."

பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம் ஆன்ட்டி பேசிய முதல் வார்த்தை அது. அங்கிள் மைதானத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். முதலில் முறைத்த ராபினும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அடக்கத்தன்று பெட்டியை முன்னால் சுமந்தவர்கள் ராபினும் முத்தண்ணாவும். வழியெல்லாம் அவர் செய்த மோசமான மாற்றம் எது என்று வாக்குவாதம் செய்துகொண்டு நடந்தோம். பாதிரியார் இருமுறை திரும்பிப் பார்த்தார்.

புதிதாக வந்தவன் முதல் முறை பந்தைத் தொடும்போது, நன்றாக அடித்தாலும் தவறவிட்டாலும், அங்கிள் எழுந்து கைதட்டுவார். "போனவனுக்கு அழ ஆயிரம் பேர் இருக்காங்க. வந்தவனுக்கு இங்க யாரைத் தெரியும்?" என்பார். அந்தக் கைதட்டலை நான் வைத்துக்கொண்டேன். போன ஞாயிறு ஒரு புதுப் பையன் இறங்கினான். வந்த பந்தைக் கோட்டை விட்டான். நான் எழுந்து தட்டினேன். தலை நிமிர்ந்து, யார் என்று கேலரியில் தேடினான்.