எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது

சென்ற பௌர்ணமிப் போயா விடுமுறை தினத்தன்று என் வலது கட்டைவிரல் வீங்கிப்போனது. ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்... சிரிக்காமல் கேட்க வேண்டும்.

மகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைக்க வேண்டும் என்று என் மனைவி மல்லிகா ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். முருகன் பெயரை ஒன்பதாயிரம் தடவை சொல்வதாக! விரல் மடித்து எண்ணினால் குழம்பிவிடும் என்று கண்டி டவுனில் ஒரு சாமான் வாங்கி வந்தாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள் — உள்ளங்கைக்குள் அடங்கும் இரும்பு உருண்டை. மேலே ஒரு பொத்தான். அழுத்தினால் சின்ன ஜன்னலுக்குள் எண் சக்கரம் ‘டிக்’ என்று ஒன்று கூடும். பக்கத்தில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் நான்கு சக்கரங்களும் பூச்சியத்தில் வந்து நிற்கும். வீட்டில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘எண்ணி’.

போயாவுக்கு முதல்நாள் மாலை, எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ஆகிவிட்டது என்று பெருமையோடு சொன்னாள். மறுநாள் நான் எழும்பும்போது கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே கட்டுகஸ்தோட்டையில் தங்கச்சி வீட்டுக்கும் போய்விட்டு, பின்னேரம் வருவதாகச் சொல்லிப் போனாள்.

நான் தேநீரோடு கதிரையில் உட்கார்ந்தேன். பேப்பரை விரித்தேன். கோப்பை சாய்ந்தது. மேசையில் இருந்த எண்ணி தேநீரில் குளித்தது.

பதறிப்போய் எடுத்து, துவாயால் துடைத்தேன். மேலே, கீழே, பக்கத்தில்... அந்தத் திருகையும் சேர்த்துத்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தேன். நான்கு பூச்சியங்கள்.

பல வாரங்களாக அவள் செய்த பிரார்த்தனை ஒரு துவாயில் போய்விட்டதே!

பக்கத்து வீட்டு ஹனீபா நானாவிடம் ஓடினேன். திகனயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். போயா என்பதால் கடை பூட்டு. இறைவனைத் துதிக்கும் திக்ரு எண்ணுவதற்கு அவரிடமும் இதே போன்ற ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நடுவுல ஒரு எண்ணுல கொண்டுபோய் வெக்க வழி ஈக்காது தம்பி. ஒவ்வொண்டா அமத்தித்தான் போகணும்.”

“எட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது தடவையா நானா?”

“வேற என்ன செய்ய?”

அழுத்த ஆரம்பித்தேன். ஐந்நூறில் விரல் வலித்தது. ஆயிரத்தில் கையை மாற்றினேன். ஆயிரத்து எழுநூறில், தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டில் யாருமே பக்தியாக இருந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஹனீபா நானாவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். வாங்கி அவரும் அழுத்தினார். மாறி மாறி அழுத்தினோம். கடைசிப் பத்து எண்களில் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். ஒன்று கூடிவிட்டால் மறுபடியும் பூச்சியத்திலிருந்து அல்லவா தொடங்க வேண்டும்?

8640. மேசையில் பழைய இடத்தில் வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக டீவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மல்லிகா வந்தாள். எண்ணியைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னங்க... இத யாராச்சும் தொட்டீங்களா?”

“இல்லையே!”

அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஏனென்றால், நான் தூங்கிக்கொண்டிருந்தபோதே அவள் மிச்சம் முந்நூற்று அறுபதையும் சொல்லி முடித்திருக்கிறாள். நேர்த்தி பூர்த்தி. எண்ணியைத் தானே பூச்சியத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போயிருக்கிறாள்!

யாரும் தொடாத எண்ணி தானாகவே எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது வரை எண்ணியிருக்கிறது. முருகனைத் தவிர யார்?

அரை மணித்தியாலத்தில் எங்கள் வாசலில் ஏழு சோடி செருப்பு. எண்ணி, ஒரு வெற்றிலையின் மேல் சாமி அறைக்குப் போய்விட்டது. யாரோ குங்குமம் வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார் — லொத்தர் சீட்டு வாங்கவாம். உண்மையைச் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் யாராவது கையில் பிரசாதத்தை வைத்தார்கள். வாயை அதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் சரோஜா அக்கா வந்தார். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. இரண்டு கண்ணிலும் வெண்படலம். அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் ஒபரேஷன். எண்ணியை எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டவர், அமைதியாகச் சொன்னார்:

“இனி எனக்கு ஒபரேஷன் வேணாம் மல்லிகா. நாளைக்கு நான் போகல.”

கையிலிருந்த பிரசாதத்தைக் கீழே வைத்தேன்.

சொல்லிவிட்டேன். தேநீர், துவாய், திருகு, பூச்சியம்... எல்லாவற்றையும். சாட்சிக்கு ஹனீபா நானாவையும் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்று தலையாட்டினார். நாலாயிரத்துச் சொச்சம் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். சும்மா அழுத்த மனம் வராமல், ஒவ்வொன்றுக்கும் நபியின் மேல் ஒரு ஸலவாத்து சொல்லித்தான் அழுத்தினாராம். நான் என்ன சொல்லி அழுத்தினேன் என்பதை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

எதிர்வீட்டுக்காரர் எழுதிய துண்டைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சரோஜா அக்கா எண்ணியை வெற்றிலையில் திரும்ப வைத்தார். ஏமாற்றமா, நிம்மதியா... அவர் முகத்தில் எனக்குப் புரியவில்லை.

மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். அவளோ மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

“இந்த மனுசன் அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல உக்கார மாட்டாரு. டொக்டர்கிட்ட போனாக்கூட நம்பர் வர்றதுக்குள்ள எந்திரிச்சி வந்துருவாரு. இவர உக்கார வச்சி ஆயிரக்கணக்குல அமத்த வச்சது யாரு? நானா வச்சேன்?”

எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். ஹனீபா நானாகூட யோசிப்பதுபோல் தாடியைத் தடவினார்.

சரோஜா அக்கா மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகளின் நியமனக் கடிதம் இன்னும் வரவில்லை.

ஆனால், ஒபரேஷன் நடந்த அன்று மாலையே மடுல்கெல்லவிலிருந்து மல்லிகாவின் உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் தேங்காய் பழத்தட்டோடு வந்திறங்கினார்கள். சாமி அறையைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார்கள்.

அவர்கள் பார்க்க வந்தது எண்ணியை அல்ல... என்னை!