தேரையின் விக்கல்

2011 ஜூன் 17, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.10. காலையிலிருந்து விடாத தூறல். டோக்கியோவின் நகானோ பகுதியில், தரைக்குக் கீழே உள்ள ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் இது நடந்தது. கதையன்று. அங்கே மூவர் இருந்தனர். மறுத்துப் பேசக்கூடிய இருவரும் இன்றுவரை மறுக்கவில்லை.

உகாய் பாஞ்சி தொலைக்காட்சியில் புகழ்பெற்ற நகைச்சுவையாளர். குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம் ஒன்றில், மலைத்தேவதையின் வாயிலைக் காக்கும் குண்டுத் தேரைக்குக் குரல் கொடுக்க வந்திருந்தார். அந்தத் தேரையைச் சிரிக்க வைத்தால்தான் கதவு திறக்கும். சிரித்து முடித்ததும் அதற்கு ஒரு விக்கல் வரும்.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் மினெகிஷி கஸுவே அமர்ந்திருந்தார். அருகில் தயாரிப்பாளர் குரோனுமா.

"உகாய் சான், சாப்பிட்டாச்சா?" என்றார் கஸுவே, குடும்பப் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து.

"ரெண்டு சோத்துருண்டை. எனக்கு ஒண்ணு, தேரைக்கு ஒண்ணு."

"தேரை பூச்சிதானே தின்னும்?"

"அதான் உங்க கேன்டீன்ல வாங்கினேன்."

குரோனுமா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

தேரைக்கு முதலில் குரல் கொடுத்தவர் நெஸூ கென்பெய், எழுபத்தொரு வயது நடிகர். வேடம் அவருக்கே என்று சொல்லி எட்டு மாதம் பேசவைத்து, அக்குரலைக் கேட்டே தேரையின் வாயசைவை வரைந்தார்கள். அந்த விக்கலும் அவருடையதே. கடைசியில் சுவரொட்டிக்குப் பிரபலமான முகம் தேவைப்பட்டது. குரோனுமா வேடத்தைப் பாஞ்சியிடம் கொடுத்தார்.

இக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய பகுதி முழுவதும் முடிந்ததும் அவர் பெயரைச் சொல்லி, 'முடிந்தது, நன்றி' என்று அறிவிப்பார்கள், அனைவரும் கைதட்டுவார்கள். அதைக் கேட்காமல் எந்த நடிகரும் கிளம்புவதில்லை. நெஸூவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அழைப்பு மட்டும் நின்றுபோயிற்று.

1.25. பாஞ்சி தேரையின் சிரிப்பைச் சிரித்து முடித்தார். ஹெட்போனில் ஒரு விக்கல் கேட்டது.

அவர் இன்னும் விக்கவில்லை.

"மினெகிஷி சான், பழைய குரலை அழிக்கலையா?"

"காலையிலேயே அழிச்சுட்டேன்."

"அப்ப விக்கினது யாரு?"

"நீங்கதான்."

"நான் இல்ல."

மறுபடி எடுத்தார்கள். இம்முறை, தாள் புரளும் மெல்லிய ஓசை. பாஞ்சியின் தாள்கள் அசையவில்லை. இடப்புறம், சற்றுத் தள்ளி, இரண்டாவது மைக் நின்றது. அதன் முன்னே ஒருவரும் இல்லை.

"யாரு தொண்டை மிட்டாய் சாப்பிடுறது? இங்க வரைக்கும் வாசனை வருது" என்றார் பாஞ்சி.

கஸுவே இரண்டாவது மைக்கைப் பார்த்தார். அந்த மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்பவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

1.40. பாஞ்சி வசனத்தைத் தொடங்கினார். "கதவைத் திறக்கணுமா? முதல்ல என்னைச் சிரிக்க..."

பாதியில் குரல் நின்றது. வாய் அசைந்தது. தொண்டை அதிர்ந்தது. ஆனால், ஒலி இல்லை.

"உகாய் சான்... உங்க மைக்கோட மீட்டர்ல முள் அசையல."

பாஞ்சி கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்து மைக்ல அசையுது."

ஹெட்போனில், இடது காதுக்கு மட்டும், வசனம் தொடர்ந்தது. "...சிரிக்க வை. ஹெ... ஹெ... ஹெ..."

விக்கல்.

"நெஸூ சான் குரல்" என்றார் கஸுவே.

"மார்ச்லயே அவரு போயிட்டார்னு கேள்விப்பட்டேனே" என்றார் குரோனுமா.

"போய்ப் பாத்தீங்களா?"

குரோனுமா எழுந்தார். "மிஷின் கோளாறு. அணைச்சுடு."

கஸுவே அணைத்தார். முள் நிற்கவில்லை.

"அவருக்கு யாரும் முடிஞ்சதுன்னு சொல்லவே இல்ல, சார். நீங்க சொல்லுங்க."

குரோனுமா குனிந்து, உள்ளே பேசும் பொத்தானை அழுத்தினார். "நெஸூ கென்பெய் சான். உங்க பகுதி முடிஞ்சது. நன்றி."

இருவரும் கைதட்டினார்கள்.



பிறகு, தேரையின் குரல். அதில் வேடிக்கை இல்லை.

"முடியல. என் பேரு எங்க?"

விளக்கு மங்கியது.

பாஞ்சி முழந்தாளிட்டார். மூச்சு வந்தது. குரல் வரவில்லை.

"என் பேரு."

மிக அருகில்.

"எங்க?"

1.52க்குக் குரோனுமா ஓர் உத்தரவை எழுதிக் கையொப்பமிட்டார். தேரையின் குரல் நெஸூ கென்பெய். படத்தில் அவர் பெயரே இடம்பெறும். முத்திரையும் பதித்தார். முள் விழுந்தது.

பாஞ்சியின் குரல் மட்டும் திரும்பவில்லை.

அன்று மாலையே மூவரும் நெஸூவின் வீட்டுக்குச் சென்றார்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் இனிப்புப் பெட்டி குரோனுமாவின் கையில் இருந்தது. உத்தரவு பாஞ்சியிடம். தானே கொடுத்தால் குரல் திரும்பும் என்று அவர் நம்பினார்.

நெஸூவின் மனைவி கதவைத் திறந்தார்.

"அவரோட படத்துக்கு முன்னால இதை வைக்கணும்மா" என்றார் குரோனுமா.

"படத்துக்கு முன்னாலயா? எதுக்கு? அவரு உள்ள டிவி பாத்துட்டிருக்காரு."

குரோனுமா இனிப்புப் பெட்டியைக் கீழே இறக்கினார்.

"பேச மட்டும் சொல்லாதீங்க. புற்றுநோய்னு மார்ச்ல குரல்வளையை எடுத்துட்டாங்க. மத்தபடி நல்லாத்தான் இருக்காரு. இன்னிக்குத்தான் பயந்துட்டேன். மத்தியானம் ஒண்ணே காலுக்குப் படுத்தவரு. ரெண்டு மணி வரைக்கும் எழுப்பியும் எழுந்திருக்கல. தூக்கத்துல வாய் மட்டும் அசைஞ்சுட்டே இருந்துச்சு."

நெஸூ வாசலுக்கு வந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி. யாரையும் பார்த்து அவர் வியப்படையவில்லை.

பாஞ்சி குனிந்து, இரு கைகளாலும் உத்தரவை நீட்டினார்.

கிழவர் இரு கைகளாலும் வாங்கினார். கையொப்பம்வரை படித்தார். நிமிர்ந்து பாஞ்சியின் கழுத்தைப் பார்த்தார்.

வாயைத் திறந்தார். தோள்கள் குலுங்கின. ஓசையில்லை.

சிரிப்பு பாஞ்சியின் தொண்டையிலிருந்து வந்தது.

பிறகு... ஒரு விக்கல்.