கவர் பிரிக்காத நாற்காலி

என் அத்தானுக்குப் புதுப் பொருள் மேல் அப்படியொரு பயபக்தி. டிவி ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வந்த ஸ்டிக்கரை யாராவது உரித்தால் வீடு இரண்டாகிவிடும். ‘கவர் அத்தான்’ என்று நான்தான் பெயர் வைத்தேன். மற்றபடி தங்கமான மனிதர்.

வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறார். டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, கம்ப்யூட்டரில் டைப் செய்து கொடுக்க வேண்டும். ஊரார் நோயையெல்லாம் டைப் செய்த கைக்கே நோய் வந்து சேர்ந்தது. வலது கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயின.

“மணிக்கட்டுல நரம்பு நசுங்குது. உக்கார்ற விதத்த மாத்துங்க. ஒரு மாசத்துல சரியாகலன்னா ஆபரேஷன்தான்” என்றார் டாக்டர். அத்தான் பாதி ஆளாகிவிட்டார். சோறு போடுவதே அந்தக் கைதானே.

அக்கா மறுநாளே முதுகைத் தாங்குகிற நல்ல நாற்காலி, புது கீபோர்டு, பெரிய திரை எல்லாம் வாங்கிப் போட்டாள். ஒரு பிரயோஜனமும் இல்லை. மரத்த விரல் மரத்தபடியே கிடந்தது.

கடைசியில் பிசியோதெரபி மேடம் வீட்டுக்கே வந்தார். அத்தானை வேலை பார்க்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று கவனித்தார்.

“நாற்காலிக்கு ஏன் சார் இன்னும் கவர்?”

“அழுக்காயிடும் மேடம்.”

“வழுக்கலையா?”

“வழுக்கும். அதான் மணிக்கட்ட மேசை விளிம்புல அழுத்தி ஊணிக்குவேன்.”

கீபோர்டின் மேலும் ஒரு பிளாஸ்டிக் தாள். ஓங்கிக் குத்தினால்தான் எழுத்து விழும். நாற்காலியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியோ கவருக்குள் பத்திரமாக இருந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மேடம் கத்தரிக்கோல் கேட்டார். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். அத்தான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆபரேஷன் முதலில் நாற்காலிக்குத்தான் நடந்தது. முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை இருக்கையை உயர்த்தினார். கால் தரைக்கு எட்டாததால் அடியில் ஒரு பலகை போட்டார். திரையைக் கண் மட்டத்துக்கு ஏற்றி, மவுஸைக் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். “மணிக்கட்ட எதுலயும் ஊணாதீங்க. அப்பப்ப எழுந்து நடங்க” என்றார்.

மாதக் கடைசியில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார், விரல்களை அழுத்திப் பார்த்தார். “நல்லா குறைஞ்சிருக்கு. ஆபரேஷன் வேணாம். இப்படியே உக்காருங்க.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதுவரை கல்லு மாதிரி இருந்த அக்கா, வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். அத்தான் குனிந்து வலது கட்டைவிரலால் அவள் கன்னத்தைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

“ஏய், ஈரம் தெரியுதுடி!”

அவளுக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது. அத்தான் நடுவிரலை நீட்டிக்கொண்டு, “அழு, அழு. இந்த விரலுக்கும் தெரியுதான்னு பாத்துடறேன்” என்றார்.