எஃப் பதினொன்றை அமுக்காதீங்க

கடையில் எல்லாரும் அவளை ‘ரெண்டுதரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டாள். கதவைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்தபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அடுப்பை அணைத்தோமா என்று வீட்டுக்குப் போன் போடுவாள். “நாம விக்கறதே ரெண்டாந்தரம், அதுக்கு ரெண்டுதரம்தான் பொருத்தம்” என்று முதலாளி சொல்லிவிட்டு, வேறு யாரும் சிரிக்காததால் தானே சிரித்துக்கொள்வார்.

அது பழைய லேப்டாப் விற்கும் கடை. பெரிய கம்பெனிகள் நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற லேப்டாப்புகளை மொத்தமாக வாங்கி, பழைய தகவல்களை அழித்து, பேட்டரி மாற்றி, துடைத்துப் பளபளப்பாக்கி விற்பார்கள். அவள் அங்கே வந்து ஏழு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்ட். அங்கே கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் மெக்கானிக் வர மூன்று நாளாகும். கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பொறுக்காமல் ஒருநாள் தானே திருப்புளியை எடுத்துத் திறந்தாள். அப்படிக் கற்றுக்கொண்ட தொழில்தான்.

வாங்கிப் போனவர்கள் மூன்றே மாதத்தில் திரும்பி வருவார்கள். “ஆமை மாதிரி போகுதும்மா”, “என்னமோ விளம்பரமா வருதும்மா.” ஒவ்வொன்றையும் அழித்து மறுபடி ஏற்ற அரைநாள் ஓடிவிடும். பொறுத்துப் பார்த்த முதலாளி, “புது மெஷின்ல ஒரு பட்டனை அமுக்கினா பழையபடி ஆயிடுதுல்ல? அது மாதிரி நம்ம கடைக்குன்னு ஒண்ணு பண்ணிக் குடும்மா” என்றார்.

ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒரு லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து, சிஸ்டம், தமிழ் கீபோர்டு, பிரிண்டருக்கு வேண்டியது, திரையில் வரும், கடையின் போன் நம்பர் போட்ட படம் வரைக்கும் எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்றினாள். அந்த நிலையை அப்படியே ஒரு நகல் எடுத்து, விற்கிற ஒவ்வொரு மெஷினிலும் டிஸ்க்கின் ஒரு மூலையில் ஒளித்து வைத்தாள். ஆன் செய்யும்போது எஃப் பதினொன்று என்ற பட்டனை அமுக்கினால், அவள் எழுதிய சின்ன புரோகிராம் எழுந்து, இருப்பதை அழித்துவிட்டு அந்த நகலைக் கொட்டிவிடும். அரை மணி நேரத்தில் மெஷின் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி ஆகிவிடும்.

சில மெஷின்களில் இரண்டு டிஸ்க் உண்டு. சிஸ்டத்துக்கு ஒரு சின்ன டிஸ்க், நம் ஃபைல்களுக்கு ஒரு பெரிய டிஸ்க். அந்த மாடலோடு கொடுக்கும் காகிதத்தில் அவளே ஒரு வரி சேர்த்தாள்: ‘உங்கள் ஃபைல்களைப் பெரிய டிஸ்க்கில் வையுங்கள். எஃப் பதினொன்றை அமுக்கினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.’ மூன்று மெஷினில், ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர் கொட்டி கீபோர்டு போன லேப்டாப் ஒன்று மேஜைக்கு வந்தது. வாங்கியவர் வேறொன்றை மாற்றி எடுத்துக்கொண்டு, தன் ஃபைல்களையும் அதில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவள் கீபோர்டை மாற்றி, எஃப் பதினொன்றை அமுக்கிவிட்டு வேறு வேலை பார்த்தாள். அரை மணி கழித்துப் பார்த்தால் திரையில் கடையின் படம் வரவில்லை. மெஷினை வாங்கியவர் வைத்திருந்த படம்தான் இருந்தது. சிஸ்டம் துளிகூட மாறவில்லை. பெரிய டிஸ்க்கைத் திறந்தாள். அவர் ஃபைல்கள் ஒன்றுகூட இல்லை. அங்கேதான் நகல் போய் உட்கார்ந்திருந்தது.

உடனே தான் எழுதிய புரோகிராமைத் திறந்தாள்.

காரணம் கண்டுபிடிக்க பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ‘முதல் டிஸ்க்கை அழி’ என்று எழுதியிருந்தாள். அவள் சோதித்த மூன்று மெஷினும் சின்ன டிஸ்க்கைத்தான் முதலாவதாக எண்ணின. இது பெரியதை முதலாவதாக எண்ணியது. கடையில் மீதியிருந்த அதே மாடல் இரண்டை எடுத்துப் பார்த்தாள். ஒன்று சரி, ஒன்று தப்பு. வெளியிலிருந்து பார்த்து எது எப்படி என்று சொல்ல வழியே இல்லை.

முதலாளியிடம் போய் நின்றாள். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்த மாடல் எத்தனை வெளிய போயிருக்கு?”

“நாப்பத்தொண்ணு சார்.”

“யாராவது கம்ப்ளெயிண்ட் சொன்னாங்களா?”

“இன்னும் இல்ல சார்.”

“அப்ப யாரும் அமுக்கலைன்னு அர்த்தம். வர்றப்ப வர்றப்ப சரி பண்ணிக்கலாம். நீயா போன் போட்டு ஊரைக் கூட்டாத.”

“சார், ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். நம்பி அமுக்குவாங்க சார்.” வாங்கியவர்களின் நம்பர் எழுதிய ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்கு வந்துவிட்டாள்.

மூன்றாவது போன் பேசிக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்து எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “பாதியை இங்க குடு” என்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே.

ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் எதிர்முனையில் ‘அதை நேத்தே அமுக்கிட்டேனே’ என்று ஒரு குரல் வரப்போகிறது என்றே அவளுக்குத் தோன்றியது. அப்படி வரவில்லை. “அந்தக் காகிதத்தை அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன்” என்றார் ஒருவர். “எஃப் பதினொண்ணா? ஆன் பட்டனையே எங்க வீட்ல மருமகதான் அமுக்குவா” என்றார் ஒரு பெரியவர். ஒரு பெண் மட்டும் சத்தம் போட்டாள். எல்லாருக்கும் ஒரே வரி: “எஃப் பதினொன்றை அமுக்காதீங்க, மெஷினைக் கடைக்குக் கொண்டுவாங்க, மாத்தித் தர்றோம்.”

நடுவில் அவள் கணவன் கூப்பிட்டான். லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “லிஃப்ட் நடுவுல நின்னா நாங்க மொதல்ல உள்ள இருக்கறவங்களோடதான் பேசுவோம். மோட்டாரை அப்புறம் பாப்போம். நீ பண்றது சரிதான். ஏதாவது வாயில போட்டுக்கோ” என்றான். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள், மூடினாள்.

மதியம் மூன்று மணிக்குள் நாற்பது பேரிடம் சொல்லியாயிற்று. ஒரு நம்பர் மட்டும் காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. பதினோராவது தடவை ஒரு ஆண் எடுத்தான்.

“ஷிஃப்ட்ல இருந்தேன் மேடம், போனை லாக்கர்ல வெச்சிடுவோம். அந்த மெஷின் என் தங்கச்சியோடது. அவளுக்குக் காது கேக்காது, அதான் என் நம்பர் குடுத்தோம். அவ மெஷின் ரொம்ப ஸ்லோன்னு மெசேஜ் போட்டிருந்தா. நான்தான் உங்க பேப்பர்ல இருக்கற மாதிரி எஃப் பதினொண்ணை அமுக்கச் சொன்னேன்.”

“அமுக்கிட்டாங்களா?”

“வீட்லயே கிளாஸ் எடுக்கறா, நாலு மணிக்கு முடிஞ்சதும் பண்றேன்னா.”

சுவர்க் கடிகாரத்தில் மூணே முக்கால். “வேண்டாம்னு உடனே மெசேஜ் போடுங்க. அட்ரஸ் சொல்லுங்க” என்றாள். தான் அனுப்பிய மெசேஜைத் தங்கை இன்னும் பார்க்கவில்லை என்று இரண்டு நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னான். கிளாஸில் போனைப் பைக்குள் போட்டுவிடுவாளாம்.

முதலாளி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “ஏறு.”

வழியெல்லாம் சிக்னல் சிக்னலாக நின்றார்கள். சிவப்பு விளக்கின் வினாடி எண்கள் குறைவதைப் பார்க்க முடியாமல் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் என்ன வைத்திருப்பாள், கணக்கா, போட்டோவா, காலியாகத்தான் இருக்குமோ? காலியாக இருக்கட்டும், காலியாக இருக்கட்டும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

முதலாளியைக் கீழே விட்டுவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடினாள். மணியை அமுக்கியதும் உள்ளே ஒரு விளக்கு மின்னுவது கதவிடுக்கில் தெரிந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி திறந்தாள். மணி நாலு பதினேழு. அவள் தோளுக்குப் பின்னால், மேஜைமேல் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் நீலப் பட்டை. முப்பத்தொன்று சதவீதம்.

‘ரெண்டுதரம்’ வாழ்க்கையில் எதையும் யோசிக்காமல் செய்ததில்லை. அன்று செய்தாள். கதவைத் திறந்தவளை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடி, பவர் பட்டனைத் திரை கறுக்கும்வரை அழுத்திப் பிடித்தாள்.

அந்தப் பெண் இவள் கையைப் பிடித்து இழுத்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ ஒருத்தி வீட்டுக்குள் நுழைந்து மெஷினை அணைத்தால் யாருக்குத்தான் பதறாது? இவள் வாய் பேசிக்கொண்டே போக, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவள் மேஜையில் கிடந்த நோட்டை எடுத்து எழுதினாள்: ‘நான் லேப்டாப் கடை. எஃப் பதினொன்று தப்பாக வேலை செய்கிறது. பெரிய டிஸ்க்கை அழிக்கிறது. தப்பு என்னுடையது. அதில் என்ன இருந்தது?’

அந்தப் பெண் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். போனை எடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டாள். அதில் அவளே நின்று, ஒரு சைகை செய்து, கீழே ‘கடன்’ என்ற வார்த்தையைக் காட்டினாள். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர் அவள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வீடியோ. நோட்டில் எழுதினாள்: ‘1140. ஆறு வருஷம்.’

‘வேறு எங்காவது நகல் இருக்கிறதா?’

‘இல்லை. ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தது.’

அந்த வரியைப் படித்தபோது, திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இவளுக்குத் தோன்றியது.

பட்டை முப்பத்தொன்றில் நின்றதால் டிஸ்க்கில் ஒரு பகுதியின் மேல்தான் நகல் எழுதப்பட்டிருக்கும், மற்றது மீள வாய்ப்பிருக்கிறது என்று எழுதிக் காட்டினாள். மெஷினைக் கொண்டுபோக வேண்டும் என்றாள். டீச்சர் எழுதினாள்: ‘எப்படி நம்புவது?’

‘நம்ப வேண்டாம். நீங்களும் கூடவே வாருங்கள்.’

அப்படித்தான் அடுத்த ஒன்பது நாளும் டீச்சர் கிளாஸ் முடிந்ததும் கடைக்கு வந்து, மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தாள். இவள் பழைய டிஸ்க்கைத் தொடாமல் முதலில் அதை முழுதாக இன்னொன்றில் படியெடுத்தாள். படியிலிருந்துதான் தேடினாள். வீடியோக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஆனால் பெயர் போய்விட்டது. வெறும் எண்கள். எது எந்த வார்த்தை என்று டீச்சருக்கு மட்டும்தான் தெரியும். ஓடவிட்டுப் பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் போட்டார்கள். வராமல் போன ஒவ்வொன்றுக்கும் டீச்சர் நோட்டில் ஒரு கோடு போட்டாள். நாலாம் நாள் டீச்சர் நோட்டை மேஜையில் அறைந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஐந்தாம் நாள் வருவாளோ மாட்டாளோ என்று இவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தாள், பத்து நிமிஷம் தாமதமாக.

கடைசியில் 926 முழுதாக வந்தன. 61 பாதியில் உடைந்தன. 153 போயே போய்விட்டன. போனவற்றில் பெரும்பாலானவற்றை டீச்சர் மறுபடி செய்துகாட்டப் புதிதாகப் படம் பிடித்துவிடலாம், பிடிக்கவும் செய்தார்கள். இவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் கேமராவைப் பிடித்தாள். ஆனால் பன்னிரண்டு வீடியோவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, டீச்சரின் முதல் மாணவி, செய்துகாட்டியிருந்தாள். அந்தச் சிறுமிக்கு இப்போது பன்னிரண்டு வயது. அதை எந்தக் கேமராவாலும் திரும்ப எடுக்க முடியாது.

புரோகிராமைத் திருத்தி எழுதினாள். இப்போது அது டிஸ்க்கின் பெயரையும் அளவையும் பார்த்துத்தான் கை வைக்கும். பெரிய டிஸ்க் என்றால் நின்றுவிடும். காகிதத்தில் ‘ஒன்றும் ஆகாது’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘முதலில் வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று தடித்த எழுத்தில் போட்டாள். முதலாளி அதைப் படித்துவிட்டு, “வாங்க வர்றவன் பயந்து ஓடிடுவானே” என்றார். “ஓடட்டும் சார்” என்றாள்.

நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பது மெஷின்கள் கடைக்கு வந்து திருத்தப்பட்டுவிட்டன. ஒருவர் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் தன் மெஷினை முன்பே யாருக்கோ கைமாற்றிவிட்டார். வாங்கியவன் பெயர் தெரியாது, சந்தையில் பார்த்த ஆள் என்றார். மெஷினோடு, ‘ஒன்றும் ஆகாது’ என்று எழுதிய அந்தப் பழைய காகிதத்தையும் கொடுத்தீர்களா என்று கேட்டாள். “ஆமாம்மா, பத்திரமா வெச்சிருந்தேன், குடுத்துட்டேன்” என்றார் அவர், பெருமையாக. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இப்போதும் அவள் கை ஒரு நொடி தயங்கித்தான் எடுக்கிறது.