கனடாவுக்குப் போகாதவர்

பெங்களூரிலிருந்து இரண்டு பெட்டிகளோடும் ஒரு மிக்ஸியோடும் நான் கம்பைநல்லூருக்குத் திரும்பி வந்த அன்றைக்கே, அம்மா என் கணவரைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாப்பிள்ளைக்கு அங்க வேலை கெடச்சிருக்குதுங்க. விசா வந்ததும் இவளும் போயிருவா" என்று வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

என் கணவர் எங்கேயும் போகவில்லை. பெங்களூரில் நாங்கள் குடியிருந்த அதே வாடகை வீட்டில்தான் இருந்தார். அடித்த கையாலேயே காபி போட்டுக் கொடுக்கும் மனிதர். போதும் என்று நான்தான் கிளம்பி வந்தேன். அவர் பாட்டுக்கு ஆபீஸ் போய் வருகிறார். நான் எதற்கு வராத விசாவுக்குக் காத்திருக்க வேண்டும்?

முதல் ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து நானும் அம்மாவும் வெளியே வந்தோம். தூரத்துச் சொந்தத்தில் சித்தி முறையாகும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பக் கண்ணு கெளம்பற?"

"கெளம்பலீங்க சித்தி. நாங்க பிரிஞ்சிட்டோம். இனிமே இங்கதான்."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா திரும்பிப் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தார்.

"நாங்க மூஞ்சிய எங்கடி வெச்சிக்கறது?"

"இருக்கற எடத்துலயே வெச்சிக்கம்மா. தப்பு செஞ்சது நாம இல்ல."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று சாயங்காலம் வரை வாசல் பக்கம் போகவில்லை.

பெங்களூரில் பார்த்த லேப் வேலையே ஊரிலும் கிடைத்தது. விஷயம் தெரிந்த பிறகு, சுகர் பார்க்க வந்தவர்கள் என் முகத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் அதே சித்தி வந்தார். நான் ஊசியை எடுத்ததும் ஆரம்பித்தார். "கல்யாணம்ங்கறது கடவுள் போட்ட முடிச்சு கண்ணு. பொம்பள கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"பொறுத்துதாங்க பார்த்தேன். பல்லு ஒண்ணு போச்சு." வாயைத் திறந்து காட்டினேன். "கைய மடக்காதீங்க சித்தி, நரம்பு நழுவுது."

அவர் கையை நேராக நீட்டினார். போகும்போது, "அம்மாவப் பாத்துக்க" என்றார்.

அம்மா மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இன்றும் காலைப் பூசைக்கு எனக்கு முன்னால் தனியாகக் கிளம்பிவிடுவார். நான் பின்னாலேயே போய் அவர் பக்கத்தில்தான் உட்காருகிறேன். அவர் தள்ளி உட்காருவதில்லை, எழுந்தும் போவதில்லை.

போன வாரம் சேலத்திலிருந்து மாமா போன் செய்தார். என்னைப் பற்றித்தான் விசாரித்தார் போல. அம்மா போனோடு சமையலறைக்கு வந்து என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"அவளே சொல்லுவா, கேட்டுக்க" என்று என் ஈரக்கையில் போனைத் திணித்துவிட்டுப் போனார்.

"சொல்லுங்க மாமா" என்றேன்.